மலையேறலாம், ஓட்டுக் கேட்கக் கூடாது! – தேர்தல் நடத்தை விதிகளின் கதை



எங்கள் ஊர் குன்றக்குடி. தேர்தல் வந்தால் எந்தக் கட்சி வேட்பாளரும் மலையேறி சண்முகநாதரைக் கும்பிடலாம். ஆனால் கோயிலுக்குள் நின்று ஓட்டுக் கேட்கக் கூடாது. கோயில், மசூதி, தேவாலயம் எதையும் பிரச்சார மேடையாக்கக் கூடாது என்பது விதி. இந்த விதியைப் போட்டது யார்? தேடிப் படித்தபோது சுவையான வரலாறு கிடைத்தது.

தொடங்கிய இடம் பக்கத்து மாநிலமான கேரளா. 1959-ல் அங்கே இ.எம்.எஸ். நம்பூதிரிபாடு அரசு கலைக்கப்பட்டது. ஊரெல்லாம் போராட்டமும் பகையுமாக இருந்த நேரத்தில் 1960-ல் சட்டமன்றத் தேர்தல் வந்தது. பொதுக்கூட்டம், ஊர்வலம், கோஷம், சுவரொட்டி ஆகியவற்றில் எப்படி நடந்துகொள்வது என்று கட்சிகள் தங்களுக்குள் ஒத்துக்கொண்டன. அதுதான் விதை. 1962 பொதுத்தேர்தலின்போது தேர்தல் ஆணையம் அதை எல்லா மாநிலங்களுக்கும் அனுப்பியது.

1979-ல் ஆளுங்கட்சிக்கென்று தனிப் பகுதி சேர்ந்தது. அரசுப் பயணத்தையும் பிரச்சாரத்தையும் கலக்கக் கூடாது. தேர்தல் அறிவித்த பிறகு புதுத் திட்டம் அறிவிக்கக் கூடாது, அடிக்கல் நாட்டக் கூடாது. அரசு செலவில் கட்சிக்கு விளம்பரம் கூடாது.

இதில் வியப்பு என்னவென்றால், இந்த நடத்தை விதித் தொகுப்பு சட்டமே அல்ல! லஞ்சம் கொடுப்பது, மதத்தின் பெயரால் ஓட்டுக் கேட்பது, வாக்குப்பதிவு முடிவதற்கு முந்தைய 48 மணி நேரத்தில் பொதுக்கூட்டம் போடுவது போன்றவை தனிச் சட்டங்களில் குற்றம். மற்றவை வெறும் ஒப்பந்தம்தான். அதனால் பல ஆண்டுகள் அது ஏட்டுச் சுரைக்காயாகவே கிடந்தது.

அதற்கு உயிர் கொடுத்தவர் டி.என்.சேஷன். தமிழ்நாடு பிரிவு ஐ.ஏ.எஸ். அதிகாரியான அவர், 1990 டிசம்பர் முதல் 1996 டிசம்பர் வரை தலைமைத் தேர்தல் ஆணையர். விதியை மீறினால் தேர்தலையே தள்ளிவைப்பேன் என்று நின்றார். கட்சிகள் முதல்முறையாகப் பயந்தன.

"அப்பல்லாம் சுவரு பூரா சின்னமாத்தேன் இருக்கும். ராத்திரி பன்னண்டு மணிக்கும் மைக் செட்டு அலறும்" என்பார் என் அப்பத்தா. இப்போது வீட்டுக்காரர் அனுமதியில்லாமல் சுவரைத் தொடக் கூடாது. இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது. கண்ணுக்கும் காதுக்கும் தெரிந்தது ஓரளவு அடங்கிவிட்டது.

தெரியாதது? அதுதான் பணம். அதில் நம் மாநிலத்தின் பெயர் நன்றாகவே அடிபட்டிருக்கிறது. 2016-ல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர் தொகுதிகளில் பணப் பட்டுவாடா காரணமாகத் தேர்தல் ரத்தானது. 2017 ஏப்ரலில் ஆர்.கே.நகர் இடைத்தேர்தல் ரத்தானது. 2019 ஏப்ரலில் வேலூர் மக்களவைத் தேர்தலும் ரத்தாகி, ஆகஸ்ட் 5-ல் நடந்தது. மூன்று முறையும் தண்டனை யாருக்கு என்று யோசித்துப் பாருங்கள். பணமே வாங்காத வாக்காளரும்தான் பிரதிநிதி இல்லாமல் மாதக்கணக்கில் காத்திருந்தார்.

இன்னொரு ஓட்டையும் உண்டு. பெரிய மாநிலங்களில் சட்டமன்ற வேட்பாளர் 40 லட்சம், மக்களவை வேட்பாளர் 95 லட்சம் வரை செலவு செய்யலாம் என்று 2022-ல் உச்சவரம்பு வைத்தார்கள். ஆனால் கட்சி செய்யும் செலவுக்கு வரம்பே கிடையாது. பக்கத்து ஊர்ச் சந்தைக்கு மாடு வாங்கப் போகிறவர் 50,000 ரூபாய்க்கு மேல் வைத்திருந்தால் பறக்கும் படையிடம் கணக்குக் காட்ட வேண்டும்!

நடத்தை விதிகளைச் சட்டமாக்க வேண்டும் என்று 2013-ல் நாடாளுமன்றக் குழு ஒன்று பரிந்துரைத்தது. தேர்தல் ஆணையம் அதை விரும்பவில்லை. தேர்தல் சில வாரங்களில் முடிந்துவிடும், நீதிமன்ற வழக்கு முடியாது என்பது அதன் வாதம். எனக்கு அது நியாயமாகவே படுகிறது. ஆனால் பணம் விஷயத்தில் சட்டம் ஏற்கெனவே இருக்கிறது. கொடுப்பது மட்டுமல்ல, வாங்குவதும் குற்றம். ஓராண்டு வரை சிறை. இருந்தும் கவர் வீடு தேடி வருகிறது.

"மைக்க நிறுத்திப்புட்டாக, கவர நிறுத்த முடியலையே" என்கிறார் அப்பத்தா. மைக்கை நிறுத்த ஒரு சேஷன் போதும். கவரை நிறுத்த, கதவைத் திறக்கும் ஒவ்வொருவரும் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். அடுத்த தேர்தலில் எனக்கு முதல் ஓட்டு. எங்கள் வீட்டுக் கதவை நான்தான் திறப்பதாக அப்பத்தாவிடம் சொல்லியிருக்கிறேன்.

உங்கள் ஊரில் எப்படி நண்பர்களே?