ஜப்பானியரும் ஆங்கிலப் பேச்சும்

ஜப்பானில் நடுநிலைப் பள்ளியும் மேல்நிலைப் பள்ளியும் சேர்ந்து ஆறு ஆண்டுகள். அந்த ஆறு ஆண்டும் மாணவர்கள் ஆங்கிலம் படிக்கிறார்கள். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கடினமான பத்தியைக்கூடப் பிரித்துப் பொருள் சொல்லிவிடுவார்கள். வெளிநாட்டுப் பயணி ஒருவர் தெருவில் வழி கேட்டால், அவர்களில் பலருக்கு வாய் வருவதில்லை. இதற்கு அறிவுக் குறையோ சோம்பலோ காரணமில்லை. அங்கே ஆங்கிலம் கண்ணுக்குக் கற்பிக்கப்பட்ட அளவுக்குக் காதுக்கும் நாக்குக்கும் கற்பிக்கப்படவில்லை.

இதன் தொடக்கம் பழையது. 1808இல் ஃபீட்டன் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் டச்சுக் கொடியைக் காட்டி நாகசாகித் துறைமுகத்துக்குள் புகுந்தது. அதிர்ந்துபோன ஜப்பானின் ஷோகன் அரசு, அங்கிருந்த டச்சு மொழி தெரிந்த ஜப்பானிய மொழிபெயர்ப்பாளர்களை ஆங்கிலம் படிக்கச் சொன்னது. அவர்களுக்குக் கிடைத்த ஆசிரியரோ ஒரு டச்சுக்காரர்தான். 1814இல் அவர்கள் ஓர் ஆங்கில அகராதியைத் தொகுத்து முடித்தார்கள்.

இதற்கு நேர்மாறாக, காதால் கேட்டு ஆங்கிலம் கற்றவர் நகஹாமா மஞ்சிரோ. மீனவச் சிறுவனான அவர் 1841இல் புயலில் சிக்கி ஆளில்லாத தீவில் ஒதுங்கினார்; அமெரிக்கத் திமிங்கல வேட்டைக் கப்பல் ஒன்று அவரைக் காப்பாற்றியது. கப்பல் தலைவர் விட்ஃபீல்டு அவரை மாசசூசெட்ஸில் உள்ள ஃபேர்ஹேவனுக்கு அழைத்துப்போய்ப் பள்ளியில் சேர்த்தார். 1851இல் நாடு திரும்பிய மஞ்சிரோ, 1859இல் ஆங்கில உரையாடல் நூல் ஒன்றை வெளியிட்டார். அதில் உச்சரிப்பை எழுத்துக்கூட்டலைப் பார்த்து எழுதாமல், தம் காதில் விழுந்தபடியே ஜப்பானிய எழுத்தில் கொடுத்திருந்தார்.

ஆனால் பள்ளிகளில் நிலைத்தது அவர் வழி அல்ல. பழைய சீன நூல்களை ஜப்பானியர் படிக்கும் முறை ஒன்று உண்டு: சொற்களுக்கு அருகே குறியிட்டு, வரிசையை மாற்றி, ஜப்பானிய வாக்கியமாக்கிப் படிப்பார்கள். அதே முறை ‘யாகுடோகு’ என்ற பெயரில் ஆங்கில வகுப்புக்கும் வந்தது. மாணவர் ஆங்கில வாக்கியத்தை வினை கடைசியில் வரும்படி திருப்பிப் போட்டுத் தாய்மொழியில் சொல்வார், ஆசிரியர் திருத்துவார். நுணுக்கமான வாசிப்புக்கு இது நல்ல பயிற்சி. பேச்சோ திரும்பிப் பார்க்க நேரம் தராது. 1922இல் ஜப்பான் வந்த ஆங்கிலேய மொழியியலாளர் ஹெரால்டு பால்மர், முதலில் கேட்டுப் பேசவைக்கும் முறையை வலியுறுத்தி, அடுத்த ஆண்டே டோக்கியோவில் ஓர் ஆய்வு நிலையத்தை நிறுவினார். நுழைவுத் தேர்வு மொழிபெயர்ப்பையே கேட்டுக்கொண்டிருந்த காலத்தில் அவர் முறையால் பள்ளிகளை முழுதாக மாற்ற முடியவில்லை.

ஒலிகளின் சிக்கல் தனி. ஜப்பானிய மொழியில் உயிரொலிகள் ஐந்தே. மெய்யொலிகள் பெரும்பாலும் உயிரோடு சேர்ந்தே வரும். அதனால் ஓரசைச் சொல்லான ‘ஸ்ட்ரைக்’ ஜப்பானிய வாயில் ‘சுதொராய்கு’ என்று நீள்கிறது. ‘ரைட்’, ‘லைட்’ இரண்டும் ஜப்பானியருக்கு ஒன்றாகக் கேட்பது தமிழ்க் காதுக்கு வியப்பாகத் தோன்றலாம். நமக்கு ரகரமும் லகரமும் வேறு வேறு. ஜப்பானியத்தில் இரண்டுக்கும் பொதுவாக, நாக்கு நுனி லேசாகத் தட்டும் ஓர் ஒலிதான் உண்டு. இந்தக் குறை பிறப்பில் வருவதல்ல. ஆய்வாளர் பட்ரீசியா கூல் குழுவினர் 2006இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகளில் ஜப்பானியரும் அமெரிக்கரும் இந்த இரண்டு ஒலிகளையும் ஒரே அளவுக்குப் பிரித்தறிந்தார்கள். பத்து முதல் பன்னிரண்டு மாத வயதில் அமெரிக்கக் குழந்தைகளின் திறன் கூடியது. ஜப்பானியக் குழந்தைகளிடம் குறைந்தது. வளர்ந்த பிறகு கதவு அடைபட்டுவிடுகிறது என்றும் சொல்ல முடியாது. 1990களில் டேவிட் பிசோனியும் உடன் ஆய்வாளர்களும் பல பேச்சாளர்களின் குரல்களை ஜப்பானியப் பெரியவர்களுக்குத் திரும்பத் திரும்பக் கேட்கவைத்தார்கள். பிரித்தறியும் திறன் தெளிவாகவே உயர்ந்தது. மாதங்கள் கழித்தும் பெருமளவு நிலைத்திருந்தது. ஒரே ஆசிரியரின் குரலை மட்டும் கேட்டு வளரும் வகுப்பறைகள் கவனிக்க வேண்டிய முடிவு இது.

ஆங்கிலத்தின் ‘ஏ’, ‘தி’ போன்ற சொற்களும், கட்டாயமான பன்மை விகுதியும் ஜப்பானியத்தில் இல்லை. தமிழரைப் போலவே அவர்களும் இந்த இடங்களில் ஆண்டுக்கணக்கில் தடுமாறுகிறார்கள்.

இன்னொரு காரணத்தைக் குறையாகச் சொல்லக்கூடாது. மருத்துவம், பொறியியல், சட்டம் எல்லாவற்றையும் ஜப்பானியர் தாய்மொழியிலேயே உயர்கல்வி வரை படிக்க முடிகிறது. 2008இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்ற தொஷிஹிதே மஸ்காவா தம் நோபல் உரையை ஜப்பானிய மொழியில்தான் நிகழ்த்தினார். அதுவரை அவர் வெளிநாடு சென்றதே இல்லை. ஒரு மொழி இவ்வளவு தூரம் தாங்கும்போது இரண்டாவது மொழியின் அவசரம் குறைவது இயல்பு.

உலகச் சந்தை அந்த அவசரத்தை இப்போது கூட்டியிருக்கிறது. 1987இல் தொடங்கிய ஜெட் திட்டம் வெளிநாட்டு இளைஞர்களை உதவி ஆசிரியர்களாகப் பள்ளிகளுக்கு அனுப்புகிறது. ரகுதென் நிறுவனம் 2012 முதல் ஆங்கிலத்தையே அலுவல் மொழியாக்கியது. 2020இல் தொடக்கப்பள்ளி ஐந்தாம், ஆறாம் வகுப்புகளில் ஆங்கிலம் முறையான பாடமானது. ஆனால் தேர்வைத் தொடும்போதெல்லாம் சீர்திருத்தம் தடுக்கி விழுகிறது. பேச்சையும் சோதிக்கும் தனியார் தேர்வுகளைப் பல்கலைக்கழகச் சேர்க்கையில் புகுத்தும் திட்டம், கட்டணமும் தேர்வு மைய வசதியும் எல்லாருக்கும் சமமல்ல என்ற எதிர்ப்பால் 2019இல் தள்ளிவைக்கப்பட்டு, 2021இல் கைவிடப்பட்டது. டோக்கியோ மட்டும் 2022 நவம்பரில் நடுநிலைப் பள்ளி இறுதியாண்டு மாணவர்களுக்குப் பேச்சுத் தேர்வு நடத்தியது. மாணவர்கள் ஹெட்செட் மாட்டிக்கொண்டு டேப்லெட்டிடம் ஆங்கிலம் பேசினார்கள். அரசு மேல்நிலைப் பள்ளிச் சேர்க்கைக்கான மொத்தம் 1020 மதிப்பெண்ணில் அந்தப் பேச்சுக்கு ஒதுக்கியது 20.