மாத்தளையின் பழைய பாதைகளும் துவிச்சக்கர வண்டியும்

மாத்தளை முத்துமாரியம்மன் ஆலயத்தைத் தாண்டி வடக்கே செல்லும் கண்டி – யாழ்ப்பாணப் பெருந்தெருவில் லொறிகளும் பஸ் வண்டிகளும் ஓயாது ஓடுகின்றன. இத்தெருவழியேதான் நம் பூட்டனும் பூட்டியும் தலையில் மூட்டையுடன் நடந்து வந்தனர் என்று பெரியோர் சொல்லக் கேட்டிருக்கின்றோம். கேட்டதோடு சரி. அவ்வழியை ஒரு முறையேனும் கண்ணால் பார்த்து வரவேண்டும் என்ற எண்ணம் நம்மில் எத்தனை பேருக்கு எழுந்தது? எனக்கே காலம் கடந்துதான் எழுந்தது.

மோட்டார் வண்டியில் போனால் பாதை தெரியாது; ஊர்தான் வந்து வந்து மறையும். நடந்து போவதற்கோ விடுமுறை போதாது. இதற்கு ஏற்ற வாகனம் துவிச்சக்கர வண்டியே. மேனாடுகளில் இந்நாளில் சரளைக்கல் பாதைக்கென்றே ஒருவகை வண்டி செய்கிறார்கள். பார்வைக்குப் பந்தய வண்டி போன்றது. டயர் மட்டும் 40 மில்லிமீற்றர் அளவுக்கு அகன்று, கல்லிலும் மண்ணிலும் பிடித்து ஓடும். இத்தாலியில் தஸ்கனிப் பகுதியின் வெண்மண் பாதைகள் தார் பூசப்பட்டு மறைந்துவிடுமோ என்று அஞ்சிய சிலர், 1997ஆம் ஆண்டு 'எரோய்க்கா' என்ற சவாரியைத் தொடங்கினர். பழைய பாதையில் பழைய வண்டியில் ஓடுவதே அதன் சிறப்பு. பிற தேசத்தாரும் இன்று அங்கே போய் ஓடுகின்றனர். நம்மிடம் சரளை வண்டி இல்லையே என்று இளைஞர் ஏங்கவேண்டாம். பால்காரர் ஓட்டும் வண்டியே போதும்; ஏற்றத்தில் இறங்கித் தள்ளுவதற்கு வெட்கப்படாதிருந்தால் சரி.

எல்கடுவைக்கு ஏறும் வழியில் நாங்கள் நிறையவே தள்ளினோம். தாழ்வில் இறப்பர், கொக்கோ, மிளகு. ஏற ஏறத் தேயிலை. தார் றோட்டை விட்டு விலகினால், தோட்டத்தார் கரத்தை றோட்டு என்று சொல்லும் மண்வழிகள் மலையைச் சுற்றிச் சுற்றிப் போகின்றன. மாடு இழுக்கக்கூடிய சரிவில் வெட்டப்பட்ட வழிகள் ஆதலால், துவிச்சக்கர வண்டிக்கும் அவை இசைவானவை. 1867இல் கண்டிக்கும் 1880இல் மாத்தளைக்கும் ரயில் வரும்வரை கோப்பி மூட்டைகள் மாட்டு வண்டியில்தான் மலையிறங்கின.

இதே எல்கடுவையில் ஒரு குகையிலேதான் 1848 செப்டெம்பர் 21ஆம் திகதி கொங்காலேகொட பண்டா பிடிபட்டார். அவ்வாண்டு யூலை 26இல் தம்புள்ளை விகாரையில் அரசனாக முடிசூடப்பட்டவர் அவர். 28ஆம் திகதி அவரையும் புரன் அப்புவையும் பின்பற்றிய கூட்டம் மாத்தளைக் கச்சேரியைத் தாக்கி வரிப் பதிவேடுகளை அழித்தது. கலகத்துக்குக் காரணம் பல. தேசாதிபதி டொறிங்டன் பிரபு நாய்க்கும் துவக்குக்கும் கடைக்கும்கூட வரி விதித்தார். ஆயினும் நம் விஷயத்துக்கு உரியது தெருச் சட்டமே. 18 முதல் 55 வயது வரையுள்ள ஆண்மகன் ஒவ்வொருவனும் வருஷத்தில் ஆறு நாள் தெரு வேலை செய்யவேண்டும். இல்லையேல் மூன்று சிலிங் கட்டவேண்டும். பிக்குகளைக்கூட முதலில் விட்டுவைக்கவில்லை. வயலுக்குப் போக ஒற்றையடிப் பாதை போதுமென்றிருந்த கிராமத்தானுக்கு அகன்ற தெரு எதற்கு? கோப்பித் துரைமாருக்குத்தான் அது தேவைப்பட்டது. புரன் அப்பு ஆகஸ்ட் 8இல் கண்டியில் சுட்டுக் கொல்லப்பட்டார். பண்டாவுக்கு நூறு கசையடி கொடுத்து மலாக்காவுக்கு நாடுகடத்தினர்.

துரைமாரின் தோட்டத்துக்கு ஆள் வந்ததும் தெருவழியேதான். மன்னார்க் கரையில் இறங்கி மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, நாலந்தை கடந்து மாத்தளை சேரும் அவ்வழி ஏறக்குறைய 150 மைல். வடபாதை என்று பெயர். ஆரம்பத்தில் கோப்பிப் பழம் பறிக்கும் காலத்துக்கு வந்து, வேலை முடிந்ததும் அதே வழியே திரும்பி நடந்தவர்களே அதிகம். இடையிலே காடு, குடிநீர் அரிது. வாந்திபேதியும் அம்மையும் கண்டு விழுந்தவர் விழுந்த இடத்திலேயே கிடந்தனர். அவர்களுக்குக் கல்லும் இல்லை, பெயரும் இல்லை. பிற்காலத்தில் அரசாங்கம் கொட்டகையும் கிணறும் அமைத்தது. 1890களின் முடிவில் பிளேக் நோய்க்கு அஞ்சி அப்பாதையை மூடினர். உயிரோடு மாத்தளை வந்து சேர்ந்தவர் முதலில் மாரியம்மனை நினைத்ததில் வியப்பில்லை. மரத்தடியில் வணங்கப்பட்ட அம்பாளுக்கு 1852இல் நிலம் கிடைத்தது. 1874இல் ஆலயம் எழுந்தது.

தெருவை வெட்டும்படி சட்டத்தால் நெருக்கப்பட்டவன் சிங்கள விவசாயி. அதில் நடக்கும்படி பசியால் நெருக்கப்பட்டவன் தமிழன். ஒரே தெருவின் இவ்விரு கதைகளையும் இரு சாராரும் தனித்தனியே படிக்கின்றோம். புரன் அப்பு அவர்கள் பாடம். கங்காணி நம் பாடம். இது எனக்கு நெடுநாளாக மனக்குறை.

மலையகத் தமிழர் வந்து 200 ஆண்டு நிறைந்ததை முன்னிட்டு, 2023 யூலை 28இல் தலைமன்னாரில் தொடங்கி ஆகஸ்ட் 12இல் மாத்தளையில் முடிந்த நடைபவனியைப் பலரும் அறிவர். அது தொடங்கிய நாள் மாத்தளைக் கலகத்தின் 175ஆவது நிறைவு நாளுமாகும். தற்செயலாகவே இருக்கலாம், ஆயினும் அதைச் சுட்டிப் பேசியவர் எவரையும் நான் காணவில்லை.

இரண்டாம் நாள் அலுவிகாரை, பலாபத்வெலை வழியாக நாலந்தைக்குச் சென்றோம். இயன்ற இடத்திலெல்லாம் பெருந்தெருவை விட்டு வாய்க்கால் கரையிலும் வயலோரத்திலும் ஓட்டினோம். நாலந்தைக் கெடிகே திராவிடச் சிற்ப முறையில் எழுந்த பௌத்தக் கற்கோயில். 8ஆம் நூற்றாண்டுக்கும் 10ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டது என்பர். மகாவலித் திட்டத்தின் போவத்தென்னை நீர்த்தேக்கம் வந்தபோது கல் கல்லாகப் பெயர்த்து மேட்டில் மீண்டும் கட்டினர். கோயிலைத் தூக்கி வைக்கலாம். பாதையைத் தூக்கி வைக்க முடியுமா?

அங்கே தேநீர்க் கடை வைத்திருந்த சிங்கள முதியவர், எங்கே பயணம் என்று விசாரித்தார். பழைய பாதையைத் தேடி என்றோம். "எங்கள் ஆட்கள் வெட்டியதா, உங்கள் ஆட்கள் நடந்ததா?" என்று கேட்டுச் சிரித்தார். இரண்டும் ஒன்றுதான் ஐயா என்றேன். காசு வாங்க மறுத்துவிட்டார்.

வரும் யூலை 28இல் மீண்டும் போக எண்ணியிருக்கின்றோம். விரும்பும் அன்பர்கள் காலை ஐந்தரை மணிக்கு ஆலய வாசலுக்கு வரலாம். காற்றடிக்கும் பம்பும் தியூப் ஒட்டும் பசையும் மறவாமல் கொண்டு வரவும். சென்ற முறை மறந்துபோய், நாவுலை வரை வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தேன்.