பொய்ம்மடலும் மெய்வரலாறும்: உம்பர்த்தோ எக்கோவின் 'பவுதலீனோ'

இடைக்கால ஐரோப்பாவை ஆராயும் அறிஞர் ஒருவர், அக்காலத்தையே களனாகக் கொண்டு கற்பனைக் கதையும் எழுதுவாராயின், அவர்தம் ஆராய்ச்சியின் நேர்மை குன்றுமோ எனும் ஐயம் எழுதல் இயல்பே. சான்றுக்கு அடங்கி நடத்தல் ஆராய்ச்சியாளன் கடன். சான்றைக் கடந்து செல்லுதல் கதைஞன் உரிமை. இவ்விரண்டும் ஒருவரிடத்தே ஒருங்கமைதல் கூடுமா என்பதனை, இத்தாலிய அறிஞர் உம்பர்த்தோ எக்கோ (1932-2016) இயற்றிய 'பவுதலீனோ' எனும் புதினத்தின்வழி ஈண்டு ஆராய்வோம்.

எக்கோ தூரின் பல்கலைக்கழகத்தில் 1954இல் பட்டம் பெற்றவர். தாமசு அக்குவினாசின் அழகியற் கொள்கை பற்றிய அவரது ஆய்வேடு 1956இல் நூலாயிற்று. பின்னர்ப் பொலோஞ்ஞா பல்கலைக்கழகத்தில் குறியியற் பேராசிரியராய் விளங்கினார். 1327இல் நிகழ்வதாக அவர் புனைந்த 'ரோசாவின் பெயர்' 1980இலும், 'பவுதலீனோ' 2000இலும் வெளிவந்தன. முன்னது ஒரு துறவிமடத்துள் அடங்கிய கதை. பின்னது பேரரசன் அவையில் தொடங்கி, அறிந்த நிலப்பரப்பிற்கு அப்பாலும் செல்வது.

1204 ஏப்பிரலில் சிலுவைப்போர் வீரர் கான்சுடாண்டினோபிளைச் சூறையாடுகின்றனர். அவ்வமளியில் வரலாற்றாசிரியர் நிக்கெட்டாசு கோனியாட்டெசைக் காத்த பவுதலீனோ, தன் வாழ்க்கையை அவர்க்கு உரைக்கின்றான். உழவன் மகனாகிய அவனைப் பேரரசன் பிரெடரிக் பார்பரோசா மகன்போல் வளர்த்தான். பவுதலீனோ கற்பனை மாந்தன், பொய்யுரைத்தலில் வல்லவன். நிக்கெட்டாசோ மெய்யாக வாழ்ந்தவர். அந்நகரின் வீழ்ச்சிக்கு அவர் நூல் இன்றும் முதன்மைச் சான்றாம். பொய்யன் உரைப்ப வரலாற்றாசிரியர் கேட்பதாகிய இவ்வமைப்பிலேயே நூலின் வினா பொதிந்துள்ளது.

எக்கோ கற்பனையை எங்கே புகுத்துகின்றார் என்பது நோக்கத்தக்கது. மூவரசர் எனப் போற்றப்பெற்றோரின் எச்சங்கள் 1164இல் மிலானிலிருந்து கொலோனுக்குக் கொண்டு செல்லப்பெற்றமை வரலாறு. சார்லமேன் 1165இல் புனிதராக அறிவிக்கப்பெற்றமையும் வரலாறே. அலெசாந்திரியா நகரம் 1168இல் தோன்றியதும் அத்தகையதே. அந்நகரே எக்கோ பிறந்த ஊர். இவற்றுள் எதனையும் அவர் மறுத்திலர். செயல் பதிவாகியிருப்ப, அதனைத் தூண்டியவர் உள்ளம் பதிவாகாதவிடத்தே பவுதலீனோவை நிறுத்துகின்றார். சான்று பேசுமிடத்துக் கதை அடங்குகின்றது. சான்று வாளாவிருக்குமிடத்துக் கதை பேசுகின்றது.

இம்முறை சிறந்து விளங்குமிடம் குருமன்னன் யோவானின் மடல் பற்றிய பகுதியாம். கீழ்த்திசையில் பெருஞ்செல்வமுடைய கிறித்தவ மன்னன் ஒருவன் உளன் எனும் செய்தியை 1145இல் தாம் கேட்டதாகப் பிரைசிங் நகரத்து ஆயர் ஓட்டோ எழுதியுள்ளார். ஏறத்தாழ 1165இல், அம்மன்னனே பைசாந்தியப் பேரரசன் மானுவேலுக்கு விடுத்ததாக ஒரு மடல் ஐரோப்பாவில் உலவலாயிற்று. அது போலி, எழுதினார் பெயர் விளங்கவில்லை. அவ்வெற்றிடத்தில் எக்கோ பவுதலீனோவையும் அவன் தோழரையும் அமர்த்தி, மடல் உருவாகும் வகையைக் காட்டுகின்றார்.

மடல் போலியே, அதன் விளைவுகளோ மெய்யானவை. போப்பாண்டவர் மூன்றாம் அலெக்சாந்தர் 1177இல் இந்தியரின் மன்னனாகிய யோவானுக்கென ஓர் ஓலை விடுத்தார். போர்த்துகீசர் 1487இல் அம்மன்னனைத் தேடித் தூதர் அனுப்பினர். 1498இல் கள்ளிக்கோட்டையை அடைந்த வாசுகோட காமாவும் அவனுக்குரிய மடல்களை உடன்கொண்டு சென்றான். இல்லாத மன்னன் ஒருவன் இருந்த கடல்வழிகளைத் திறப்பதற்கு ஒரு தூண்டுகோலாயினான். ஆதலின் போலி ஆவணம் என்று கண்டவுடன் ஒன்றனைத் தள்ளிவிடுதல் ஆராய்ச்சிக்குப் போதாது. மக்கள் அதனை ஏன் நம்பினர், நம்பி என் செய்தனர் என்பனவும் ஆராய்தற்குரியன.

இம்மடல் தமிழகத்தொடும் ஒருவாற்றான் தொடர்புடையது. திருத்தூதர் தோமாவின் உடல் துயிலும் தொலை இந்தியாவும் தன் ஆட்சிக்குட்பட்டது என மடலின் மன்னன் கூறிக்கொள்கின்றான். அவ்வுடல் மாபார் நாட்டில் உள்ளதென 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ குறித்தார். மயிலாப்பூர் மரபும் அதனோடு ஒத்தது. மடல் எழுதினார்க்கு மயிலை தெரிந்திருந்தது என்று துணிதற்கு இஃது இடந்தராது. எனினும், ஐரோப்பியர் கண்ட கனவு நம் கரையையும் தீண்டியது என்பது தெளிவு.

நூலின் பிற்பகுதியில் ஒற்றைக்காலரும் தலையின்றி மார்பில் முகமுடையாரும் தோன்றுகின்றனர். இவரும் எக்கோவின் படைப்பல்லர். பிளினி முதலிய பண்டையோர் எழுதிவைத்தவரே. இடைக்காலத்தார் மெய்யென நம்பிய உலகையே அவர் நடமாட விடுகின்றார். ஒருகாலத்தார் நம்பிய பொய்யும் அக்காலத்தை அறிதற்குச் சான்றாம்.

இத்தகைய நூலால் படிப்போர் மெய்யையும் புனைவையும் மயங்கிக் கொள்ளாரோ எனின், கூறுவோம். இறுதியில் நிக்கெட்டாசு, பவுதலீனோவின் கதையைத் தம் வரலாற்றினின்றும் விலக்கிவிடுகின்றார். கேட்டு மகிழ்ந்தது ஒன்று. வரலாறென எழுதத்தகுவது மற்றொன்று. அவ்வெல்லையைக் கதைக்குள்ளேயே வரைந்து காட்டிய எக்கோ, தம் ஆராய்ச்சிக்கு இழுக்குத் தேடினாரல்லர். எல்லையை அறிந்தவனே அதனைக் கடந்து மீளவும் வல்லவன் என்பது எம் துணிபு.