விவாகரத்து வழக்கில் குழந்தை யாரிடம்? ‘அஞ்சு வயசு’ கணக்கு உண்மையா?

"அஞ்சு வயசு வரைக்கும் அம்மாகிட்ட இருக்கட்டும், அப்புறம் அப்பன் கூட்டிட்டுப் போகட்டும்." கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் கணவன் - மனைவி பிரியும்போது, பெரியவர்கள் உட்கார்ந்து பேசினால் இந்தப் பேச்சு வராமல் இருக்காது. சில வீடுகளில் இதை முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்தும் வாங்கிவிடுகிறார்கள். ஆனால் சட்டத்தில் இருப்பது இதில் பாதிதான்.

1956-ம் ஆண்டு இந்து சிறார் மற்றும் பாதுகாவலர் சட்டத்தின் 6-வது பிரிவு, 5 வயது நிரம்பாத குழந்தை ‘சாதாரணமாக’ தாயிடம் இருக்க வேண்டும் என்கிறது. 5 வயது முடிந்ததும் தந்தையிடம் கொடுத்துவிட வேண்டும் என்று அதில் எங்கும் இல்லை. அதே சட்டத்தின் 13-வது பிரிவுப்படி, குழந்தையின் நலன்தான் முதல் கணக்கு. மற்றதெல்லாம் அதற்குப் பின்னால்தான். ஊர்ப் பெரியவர்கள் முன்னால் எழுதிய பத்திரத்தையும் கோர்ட் பார்க்கும். ஆனால் அது குழந்தைக்கு நல்லதாகப் படவில்லை என்றால், அதன்படியே போக வேண்டிய கட்டாயம் நீதிபதிக்கு இல்லை.

‘அப்பாதான் கார்டியன்’ என்றால்?

பள்ளியிலோ வங்கியிலோ இன்றும் சிலர் இப்படிச் சொல்வது உண்டு. இதை உடைத்த வழக்கில் கோவைக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. கோவையில் பிறந்த எழுத்தாளர் கீதா ஹரிஹரன், 1984-ல் மகன் பெயரில் 20,000 ரூபாய்க்கு ரிசர்வ் வங்கிப் பத்திரம் வாங்க விண்ணப்பித்தார். பாதுகாவலராகக் கையெழுத்துப் போட்டது அவர். கணவருக்கும் அதில் சம்மதம். ஆனாலும் அப்பாவின் கையெழுத்து வேண்டும் என்றது வங்கி.

வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. விவாகரத்து வழக்கில் இருந்த வந்தனா சிவாவின் மனுவும் இதோடு சேர்த்து விசாரிக்கப்பட்டது. சட்டத்தில் ‘தந்தை, அவருக்குப் பின் தாய்’ என்று இருப்பதற்கு, தந்தை இறந்த பின் என்று மட்டும் பொருள் இல்லை. அவர் பொறுப்பில் இல்லாதபோதும் தாய்தான் இயற்கைப் பாதுகாவலர் என்று 1999 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது.

எந்த கோர்ட்டுக்குப் போவது?

விவாகரத்து வழக்கு ஏற்கெனவே நடந்தால், இந்து திருமணச் சட்டம் 26-வது பிரிவின்கீழ் அங்கேயே மனு போடலாம். குழந்தையின் படிப்பு, பராமரிப்புச் செலவுக்கான இடைக்கால மனுவை, நோட்டீஸ் கிடைத்த 60 நாளுக்குள் முடிந்தவரை முடிக்க வேண்டும் என்றும் இந்தப் பிரிவு சொல்கிறது.

விவாகரத்து கேட்காமல் குழந்தைக்காக மட்டும் வழக்கு என்றால், 1890-ம் ஆண்டு பாதுகாவலர் சட்டம். எல்லா மதத்தினரும் இதன்கீழ் போகலாம். இங்கே குழந்தை வழக்கமாக எந்த ஊரில் வசிக்கிறதோ, அந்த எல்லைக்குள் உள்ள கோர்ட்டில்தான் மனு போட வேண்டும். அப்பா திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்தலாம். குழந்தை அம்மாவோடு பொள்ளாச்சியில் அப்புச்சி வீட்டில் தங்கிப் படித்தால், வழக்கு கோவை மாவட்டத்தில்தான். ராத்திரியோடு ராத்திரியாக குழந்தையை வேறு ஊருக்குத் தூக்கிப் போனால் கோர்ட் மாறிவிடும் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அப்படி மாறாது. சட்டவிரோதமாகப் பிடித்து வைத்திருப்பதாகக் காட்ட முடிந்தால், மறு தரப்பு ஹைகோர்ட்டில் ஆட்கொணர்வு மனுவே போடலாம். குழந்தையை ஒளித்து வைத்தவர் என்ற பெயர், பிறகு அதே வழக்கில் அவருக்கு எதிராகவே நிற்கும்.

நீதிபதி எதைப் பார்ப்பார்? குழந்தையின் வயது, பள்ளி, இப்போது யாரோடு ஒட்டியிருக்கிறது, வேலைக்குப் போகும் நேரத்தில் யார் பார்த்துக்கொள்வார்கள். விவரம் தெரிந்த வயது என்றால் குழந்தையைத் தனியாகவே கூப்பிட்டுப் பேசுவார். அப்பாவுக்கு சம்பளம் அதிகம் என்பது மட்டும் போதாது. அம்மாவிடம் குழந்தை இருந்தாலும் அப்பா செலவுக்குப் பணம் கட்டியாக வேண்டும்.

சண்டை அதிகம் வருவது இந்தப் பண விஷயத்தில்தான். "காசு வரல, அதனால புள்ளையைக் காட்ட மாட்டேன்" என்பார் ஒருவர். "காட்டல, அதனால காசு தர மாட்டேன்" என்பார் மற்றவர். ரெண்டுமே செல்லாது. பணத்துக்கான உத்தரவு வேறு, பார்ப்பதற்கான உத்தரவு வேறு. எது மீறப்பட்டாலும் அதைச் சொல்லி கோர்ட்டில் மனு போடுவதுதான் வழி. குழந்தை யாரோ ஒருவரிடம் இருந்தாலும், மற்றவர் வார இறுதியிலோ லீவிலோ பார்க்க நேரம் ஒதுக்கப்படும். தூரத்தில், வெளிநாட்டில் இருப்பவருக்கு வீடியோ காலில் பேசும் உரிமை தர வேண்டும் என்று 2020-ல் யஷிதா சாஹு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

கஸ்டடி உத்தரவு கல்வெட்டு இல்லை. சென்னை ஹைகோர்ட்டில் இருந்து மேல்முறையீட்டுக்குப் போன ரோஸி ஜேக்கப் வழக்கில், சூழ்நிலை மாறினால் உத்தரவையும் மாற்றலாம் என்று 1973-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மறுமணம், வேலை மாற்றம், குழந்தையே வளர்ந்து விருப்பத்தைச் சொல்வது என எதுவானாலும், 18 வயது ஆகும்வரை மறுபடி கோர்ட்டை அணுகலாம். குடும்ப நல நீதிமன்றத்தின் இறுதித் தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்ய மட்டும் 30 நாள்தான் அவகாசம்.

வக்கீலுக்குப் பணம் இல்லாதவர்கள் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை நாடலாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பே கிடையாது, இலவசம். உதவி எண்: 15100.