கிழிசலிலிருந்து பிறந்த படகு

நீர்மூழ்குதலைப் பொழுதுபோக்காகக் கொண்டோர் இன்று பெரிதும் விரும்புவது, அடி கெட்டிப்பலகையாகவும் விளிம்பு காற்றடைத்த குழாயாகவும் அமைந்த சிறு படகை. காற்றுக் கலத்தை முதுகிற் சுமந்தவர் அதன் விளிம்பில் அமர்ந்து, பின்புறமாகச் சாய்ந்தே கடலில் இறங்கிவிடலாம். இப்படகு பெருந்தொழிற்சாலையிலே பிறந்ததன்று. பழுதுபார்க்கும் வேலையிலே பிறந்தது.

வேல்ஸ் கடலோரத்தில், செயின்ட் டோனட்ஸ் கோட்டையில், 1962-ஆம் ஆண்டு அட்லாண்டிக் கல்லூரி தொடங்கப்பெற்றது. முதல் தலைமையாசிரியர் டெஸ்மண்ட் ஹோர், கடற்படையில் ரியர் அட்மிரலாயிருந்தவர். கடலில் தத்தளிப்போரை மீட்பதும் அங்கே மாணவர் கடமை. அவர்களுடைய காற்றுப் படகுகளோ கூழாங்கற் கரையில் இழுபட்டு, அடித்துணி தேய்ந்து கிழிந்தன. ஒட்டுப்போட்டுச் சலித்தவர்கள், ஒட்டுப்பலகையையே அடியிற் பொருத்தினர். கெட்டியான பலகையும் நெகிழும் குழாயும் ஒருங்கே அலையைத் தாங்கவேண்டுமே! ஆண்டுக்கணக்கில் கட்டிக்கட்டிப் பார்த்தனர்.

சோழமண்டலக் கரையின் மசூலாப் படகை அறிந்த நமக்கு இதன் நுட்பம் எளிதில் விளங்கும். ஆணியின்றிக் கயிற்றால் தைத்த அதன் பலகைகளும் அலைக்கு வளைந்துகொடுத்தே பிழைத்தன.

1969-இல் மாணவர் கட்டிய படகொன்று பிரிட்டனைச் சுற்றிவரும் விசைப்படகுப் பந்தயத்திலே கலந்துகொண்டது. பிரிட்டனின் உயிர்மீட்புப் படகுச் சங்கத்துக்கு இதன் காப்புரிமையை ஹோர் 1973-இல் கொடுத்தார். பெற்ற விலை ஒரு பவுன்.