வீட்டுக்கு வந்த வானொலிப் பெட்டி

மண்பானை வாங்கச் செல்லும் பெண்மணி அதைக் கையில் ஏந்தி, விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டிப் பார்க்கிறாள். ஓசை கணீரென்று எழுந்தால் பானை நன்கு வெந்திருக்கிறது. அடங்கி ஒலித்தால் எங்கோ கீறல் இருக்கிறது. மாடு வாங்குவோர் சுழியும் பல்லும் பார்த்தனர். சேலை வாங்குவோர் இழையை நெருடிப் பார்த்தனர். பொருளின் நன்மை தீமை யாவும் பொருளுக்குள்ளேயே இருந்தன. நம் வீடுகளுக்கு வந்த பொருள்களுள் இந்தச் சோதனைக்கு அகப்படாத பொருள் ஒன்று உண்டென்றால், அது வானொலிப் பெட்டியேயாகும். அதை எவ்வளவு தட்டிப் பார்த்தாலும் பயனில்லை. ஏனெனில் அதன் உயிர் அதனிடத்தில் இல்லை. தொலைவிலுள்ள ஒலிபரப்பு நிலையத்திலும், ஊருக்குள் வரும் மின்கம்பியிலும், கடைத்தெருவில் பழுது பார்ப்பவரின் மேசையிலும் அந்த உயிர் பிரிந்து கிடந்தது. இதனை அறிந்து வாங்கியவர்கள் யார், அறியாமல் வாங்கியவர்கள் யார் என்று பார்ப்பதே இவ்வுரையின் நோக்கம்.

தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்று ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குக் கற்பித்தார்கள். ஆதலின் வானொலிக்கு முன் வந்த கிராமபோனிலிருந்து தொடங்குகிறேன். அது பெரும்பாலும் தன்னிறைவுள்ள பொருள். சாவி கொடுத்தால் வில் முறுகும்; முறுகிய வில் தளரும்போது தட்டு சுழலும். மின்சாரம் வேண்டுவதில்லை, அரசாங்கத்தின் அனுமதியும் வேண்டுவதில்லை. இசைத்தட்டும் ஊசியும் இருந்தால் போதும். கல்கத்தாவில் 1908-ஆம் ஆண்டிலேயே இசைத்தட்டுத் தொழிற்சாலை ஏற்பட்டுவிட்டது. தட்டுக்கு வேண்டிய அரக்கோ சோட்டா நாகபுரி முதலிய நம் நாட்டுக் காடுகளிலேயே கிடைத்தது. சென்னையில் சரஸ்வதி ஸ்டோர்ஸ் போன்ற நிறுவனங்கள் தமிழ்ப் பாட்டுகளைப் பதிவு செய்து ஊரூராக அனுப்பின. தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடமே ஓடும். ஒரு மணி நேரம் இராக ஆலாபனை செய்து பழகிய வித்துவான்கள் அந்த மூன்று நிமிடத்துக்குள் தம் வித்தையை மடித்து வைக்க நேர்ந்தது. அது வேறொரு வரலாறு. இங்கே நமக்கு வேண்டுவது ஒன்றுதான். கிராமபோன் வாங்கியவர் எந்தத் தட்டை வாங்கினாரோ அந்தத் தட்டு அவர் வீட்டில் என்றும் பாடும். பாட்டு யாருடைய தயவையும் நாடி நிற்கவில்லை.

வானொலியின் கதை அப்படியன்று. 1924-ஆம் ஆண்டு மே மாதத்தில் சி. வி. கிருஷ்ணசாமி செட்டியாரின் முயற்சியால் சென்னை மாகாண ரேடியோ சங்கம் தோன்றிற்று; அவ்வாண்டு ஜூலை 31-ஆம் நாள் ஒலிபரப்பும் தொடங்கிற்று. பம்பாயில் இந்திய ஒலிபரப்புக் கம்பெனி தோன்றுவதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே சென்னை இதனைச் செய்தது என்பது நாம் பெருமையோடு நினைக்கத்தக்கது. ஆனால் பணமுடையால் 1927-இல் சங்கம் ஒலிபரப்பை நிறுத்திவிட்டது. அந்த நிலையத்தை நம்பிப் பெட்டி வாங்கியவர்களின் நிலையை எண்ணிப் பாருங்கள். பெட்டியில் ஒரு குற்றமும் இல்லை. கம்பியும் காந்தமும் வாங்கிய நாளில் இருந்தபடியே இருந்தன. பேச ஆளில்லாமையால் பெட்டி ஊமையாயிற்று. சங்கத்தின் கருவிகளைச் சென்னை மாநகராட்சி ஏற்று 1930-இல் மீண்டும் ஒலிபரப்பிய பிறகே அதற்குப் பேச்சு வந்தது. அக்காலத்தில் கடற்கரையில் ஒலிபெருக்கி வைத்து, பெட்டி வாங்க இயலாதவரும் கேட்கும்படி செய்ததை மாநகராட்சியின் நற்செயல்களுள் ஒன்றாகக் கூறலாம். பின்னர் 1938-ஆம் ஆண்டு ஜூன் 16-ஆம் நாள் சென்னையிலும், 1939-ஆம் ஆண்டு மே 16-ஆம் நாள் திருச்சிராப்பள்ளியிலும் அகில இந்திய வானொலி நிலையங்கள் அமைந்தன. தமிழ்நாட்டில் ஒருவர் துணிந்து வானொலிப் பெட்டி வாங்கலாம் என்ற காலம் உண்மையில் அப்பொழுதுதான் பிறந்தது.

நிலையம் வந்தாயிற்று, மின்சாரம் வந்ததா? பைக்காரா மின்திட்டம் 1932-இலும், மேட்டூர் அணையின் மின் நிலையம் 1937-இலும் இயங்கத் தொடங்கின. எனினும் கம்பி முதலில் நகரத்துக்கும் ஆலைக்கும் சென்றது. கிராமத்துக்கு வந்து சேர நெடுநாளாயிற்று. வால்வு வைத்த பெட்டிக்கு மின்சாரம் மிகுதியாக வேண்டும். வால்வுக்குள் இருக்கும் இழை சூடேறினால்தான் அது வேலை செய்யும். ஆகவே திருகிய உடனே அது பேசாது. முகப்பிலுள்ள கண்ணாடியில் முதலில் மஞ்சள் வெளிச்சம் தோன்றும். கொழும்பு, டில்லி, லண்டன் என்ற ஊர்ப் பெயர்கள் அதில் துலங்கும். சற்று நேரம் பொறுத்தால் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல் குரல் எழும்பி மேலே வரும். சில ஊர்களில் நேர்மின்னோட்டமும் சிலவற்றில் மாறுமின்னோட்டமும் இருந்தன. வாங்குபவர் தம் ஊரில் எது என்று கேட்டறிந்து அதற்கேற்ற பெட்டியையோ இரண்டுக்கும் பொருந்தும் பெட்டியையோ எடுக்க வேண்டியிருந்தது. மின்சாரமே இல்லாத ஊரில் செங்கல்லைப் போன்ற கனத்த உலர் பாட்டரிகளைக் கொண்டு இயங்கும் பெட்டி உண்டு. அதை வாங்கியவர்கள் விலையைக் கணக்கிட்டனர். பாட்டரி தீர்ந்தபின் மறுபடி மறுபடி வாங்க வேண்டிய செலவைச் சிலரே கணக்கிட்டனர். பாட்டரி தீர்ந்த பெட்டியின்மேல் கைவேலைத் துணி விரித்து, பூச்சாடி வைத்த வீடுகளை நான் சிறுவனாக இருந்தபொழுது கண்டிருக்கிறேன்.

இவற்றோடு லைசென்ஸும் உண்டு. 1933-ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதியின்றி வானொலிப் பெட்டியை வைத்திருப்பதே குற்றம். ஆண்டுதோறும் அஞ்சலகத்துக்குச் சென்று கட்டணம் செலுத்தி, சிறு புத்தகம் ஒன்றில் முத்திரை பெற வேண்டும். பல வீடுகளில் அப்புத்தகம் நிலப்பத்திரத்தோடு ஒரே பெட்டியில் இருந்தது. 1980-களின் நடுப்பகுதியில்தான் இந்த முறை நீங்கிற்று. வாங்கிய பின்பும் ஆண்டுக்கு ஆண்டு பணம் கேட்ட வீட்டுப் பொருள் அதற்கு முன் நம் வீடுகளில் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. மாடு தீனி கேட்கும், உண்மைதான்; ஆனால் மாடு பாலும் தரும்.

இனி, எந்தப் பெட்டி என்ற கேள்விக்கு வருவோம். மர்பி, பிலிப்ஸ், புஷ், ஜி.இ.சி. என்று பெயர்கள் பல இருந்தன. வாயில் விரல் வைத்துச் சிரிக்கும் மர்பிக் குழந்தையின் படம் பெட்டியே இல்லாத வீட்டுச் சுவர்களிலும் தொங்கிற்று. ஆயினும் விவரமறிந்தவர்கள் விளம்பரத்தைப் பார்த்து முடிவு செய்யவில்லை. அவர்கள் நேரே ரேடியோ ரிப்பேர்க் கடைக்குச் சென்று, “எந்தப் பெட்டி உங்களிடம் மிகுதியாக வருகிறது? எதற்கு வால்வு கையிருப்பில் வைத்திருக்கிறீர்கள்?” என்று கேட்டனர். இவ்விரண்டு கேள்விகளையும் சேர்த்துக் கேட்டதில்தான் அவர்களுடைய நுட்பம் இருக்கிறது. அடிக்கடி பழுதாகும் பெட்டி ஆகாது. ஒருபோதும் கடைக்கு வராத பெட்டிக்கு வால்வும் கிடைக்காது. ஊருக்குள் பத்துப் பேர் வைத்திருக்கும் பெட்டியையே பதினோராவது ஆளும் வாங்கினால் அவரை ஆட்டுமந்தை என்று இகழ்வோர் உண்டு. வானொலியைப் பொறுத்தவரை அவரே அறிவாளி.

சிற்றலை உள்ள பெட்டியா, இல்லாத பெட்டியா என்பது மற்றொரு பெருங்கேள்வி. இது இசைக் கேள்வியுமாகும். 1952 முதல் பத்தாண்டுகள் மத்திய அரசில் செய்தி ஒலிபரப்பு அமைச்சராக இருந்த பி. வி. கேஸ்கர் சாஸ்திரிய சங்கீதத்தில் பெரும் பற்றுள்ளவர். திரைப்படப் பாட்டை வானொலியில் ஒடுக்கினார். அதே காலத்தில் 1950-இல் வர்த்தக ஒலிபரப்பைத் தொடங்கியிருந்த இலங்கை வானொலி, அந்தப் பாட்டுகளை வாரி வழங்கிற்று. இலங்கை கேட்குமா என்று கேட்டுப் பெட்டி வாங்கினார்கள் தமிழ்நாட்டு மக்கள். 1957-ஆம் ஆண்டு அக்டோபரில் விவிதபாரதி பிறந்ததற்கு இப்போட்டியும் ஒரு காரணம். இலங்கையைக் கேட்டோரைச் சுவையற்றோர் என்று அக்காலத்தில் சிலர் எழுதினர். நான் அதனை ஒப்புவதில்லை. காலையில் திருச்சி நிலையத்தின் மங்கல இசைக்குக் காத்திருந்த அதே கைதான் மாலையில் குமிழைத் திருகி இலங்கையைத் தேடிற்று. ஒரு வீட்டுக்கு ஒரே சுவை இருக்க வேண்டும் என்பது அமைச்சர்களின் விருப்பமாக இருக்கலாம். வீடுகளின் வழக்கம் அதுவன்று.

இந்நிலையை மாற்றியது டிரான்ஸிஸ்டர். அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடத்தில் 1947-ஆம் ஆண்டு டிசம்பரில் ஜான் பார்டீனும் வால்ட்டர் பிராட்டெய்னும் அதனை இயங்கச் செய்தனர். வில்லியம் ஷாக்லி அதனை வளர்த்தார். மூவருக்கும் 1956-இல் நோபல் பரிசு கிடைத்தது. 1954-இல் ரீஜென்சி என்ற சிறு வானொலி 49 டாலர் 95 சென்ட்டுக்கு அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது. அடுத்த ஆண்டே ஜப்பானிலிருந்து சோனி வந்தது. டிரான்ஸிஸ்டருக்குள் சூடேற வேண்டிய இழை இல்லை. ஆதலால் டார்ச் விளக்குக்குப் போடும் சில பாட்டரிகளே அதற்குப் போதும், காத்திருக்கவும் வேண்டுவதில்லை. மின்கம்பி வராத ஊர்களின் குறை இதனால் ஒரே அடியாக நீங்கிற்று. பாட்டரி தளர்ந்தால் ஓட்டின்மேல் வெயிலில் காயவைத்து இன்னும் இரண்டு நாள் ஓட்டும் வித்தையை நம் மக்கள் யாரும் சொல்லித் தராமலே கண்டுபிடித்தனர்.

வால்வுப் பெட்டி கூடத்தில், கைக்கெட்டாத உயரத்தில், பலகையின்மேல் இருந்தது. அதன் குமிழ் குடும்பத் தலைவருக்கு உரியது. எங்கள் வீட்டில் என் அத்தையார் அடுப்படியிலிருந்து சுவரைத் தாண்டி வரும் ஓசையையே பல ஆண்டுகள் கேட்டு வந்தார். பாட்டு மாறவேண்டுமென்றால் ஒரு பையனைத் தூது அனுப்புவார். அந்தப் பையன் பெரும்பாலும் நானே. தோலுறை போட்ட டிரான்ஸிஸ்டர் வந்தபின் அது அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் குடியேறிற்று. தறிக்குழியிலும் தையற்கடையிலும் பீடி சுற்றும் திண்ணையிலும் தேநீர்க் கடையிலும் இவ்வாறே குடியேறிற்று. பொழுதுபோக்குக் கருவி வேலை செய்யும் இடத்துக்கு வந்துவிட்டது. கையும் கண்ணும் வேலையில் இருக்கக் காது மட்டும் ஓய்வாக இருக்கும் தொழில்கள் நம் நாட்டில் எத்தனை என்பது அப்பொழுதுதான் தெரிந்தது.

தஞ்சை மாவட்டத்தில் அது காதுக்கு ஓய்வு தந்ததோடு நிற்கவில்லை. 1960-களின் நடுப்பகுதியில், ஜப்பானிய நெல்லையும் நம் நாட்டு நெல்லையும் கலந்து பெற்றதிலிருந்து, ஆடுதுறை 27 என்னும் குறுகிய கால நெல்லை வெளியிட்டார்கள். அது குறுவைக்கு ஏற்றது. ஆனால் பழைய நெல்லைப் போல நட்டுவிட்டு ஆற்றுநீரை நம்பி இருந்தால் போதாது. நாற்றின் வயது, நடவின் இடைவெளி, உரமிடும் நாள், மருந்தடிக்கும் பக்குவம் ஆகியவற்றைக் காலம் தவறாமல் செய்ய வேண்டும். ஒவ்வொரு மிராசுதாரிடமும் குத்தகைதாரரிடமும் சென்று இதனை விளக்க வேளாண்மை அதிகாரிகள் எத்தனை பேர் வேண்டும்! அந்தப் பணியில் பெரும்பகுதியைத் திருச்சி வானொலியின் வேளாண் நிகழ்ச்சி ஏற்றுக்கொண்டது. இந்த வாரம் செய்ய வேண்டியதை இந்த வாரமே சொல்லிற்று. உழவர்கள் அந்த நெல்லுக்கு “ரேடியோ நெல்” என்று பெயரிட்டுவிட்டனர். விதைக்கடையிலும் அப்பெயரைச் சொல்லியே கேட்டனர். பாட்டுக் கேட்பதற்கென்று வாங்கிய ஒரு கருவியின் பெயர் ஒரு தானியத்துக்கு வந்தது. பஞ்சாயத்து வானொலிக்கு அடியில் துண்டை விரித்து அமர்ந்து கேட்டவர்களும் உண்டு. வரப்பில் டிரான்ஸிஸ்டரை வைத்துக் கேட்டவர்களும் உண்டு. முன்னவர் நிகழ்ச்சி நேரத்துக்குச் சாவடிக்கு வந்தாக வேண்டும். பின்னவர் வயலை விட்டு நகர வேண்டியதில்லை. நடவு நாளில் இந்த வேறுபாடு சிறிதன்று.

தொலைக்காட்சியைப் பற்றி விரிவாகச் சொல்லப் போவதில்லை. 1975-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15-ஆம் நாள் சென்னைக்கு அது வந்தபோதும் பழைய பாடமே திரும்ப வந்தது. சென்னையில் டயனோராவும் சாலிடேரும் விற்றுக்கொண்டிருக்க, தென்கடற்கரை ஊர்களில் பெட்டி வாங்கி என்ன செய்வது என்று மக்கள் திகைத்தனர். 1982-இல் இலங்கையில் ரூபவாகினி தொடங்கியதும், சென்னையை எட்டாதவர்கள் உயர்ந்த குழாய்களை நட்டு, ஏரியலைக் கடலுக்கு அப்பால் திருப்பினர். இரண்டாம் முறையும் அவர்களுக்குக் கைகொடுத்தது இலங்கை. அண்மையில், 2022-க்குள் பெரும்பாலான பழைய தூர்தர்ஷன் ஒலி-ஒளிபரப்புக் கோபுரங்கள் நிறுத்தப்பட்டபோது, மாடிகளில் எஞ்சியிருந்த ஏரியல்கள் காக்கைகளுக்கு மட்டும் பயன்பட்டன. பெட்டிகளில் அப்பொழுதும் குற்றமில்லை.

என்னிடம் படித்த மாணவர் ஒருவர் சில மாதங்களுக்கு முன், பேச்சைக் கேட்டுப் பாடும் ஒலிபெருக்கி ஒன்றை வாங்குவது பற்றி என்னிடம் வினவினார். அதன் நினைவாற்றல் எவ்வளவு, ஓசை எத்தகையது என்று அவர் பலவற்றைப் படித்து வைத்திருந்தார். பாட்டு அதற்குள்ளே இருக்கிறதா, வெளியிலிருந்து வருகிறதா என்றேன். இணையத்தின் வழியாக வருகிறது என்றார். மாதந்தோறும் பணம் உண்டா என்றேன், உண்டு என்றார். அனுப்புகிற கம்பெனி நிறுத்திவிட்டால் என்றேன். அதை அந்தக் குறிப்புகளில் எங்கும் எழுதவில்லை என்றார் அவர். விசாரித்துச் சொல்வதாகப் போனார்; இன்னும் விசாரித்துக்கொண்டுதான் இருக்கிறார்.

எங்கள் ஊர்க் கடைத்தெருவில் முன்பு வால்வு மாற்றிக் கொடுத்தவரின் மகன் இப்பொழுது கைப்பேசிக்குத் திரை மாற்றுகிறார். தந்தையின் மேசையையே வைத்திருக்கிறார். ஈயம் உருகி விழுந்த தழும்புகள் அதில் அப்படியே இருக்கின்றன. புதிதாகக் கைப்பேசி வாங்க எண்ணுகிறவர்களில் சிலர் பெரிய கடைக்குப் போகுமுன் அவரிடம் வந்து, எந்தத் திரை அவரிடம் எப்போதும் கிடைக்கும் என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள்.