குடியா, வதிவா?
கிரேக்க நாட்டில் வீடு வாங்கினால் ‘குடியுரிமை’ என்றது ஒரு விளம்பரம், மனம் உறுத்தியது. 2013-இல் 2,50,000 யூரோ முதலீட்டுக்கு அந்நாடு தரத் தொடங்கியது ஐந்தாண்டுத் தங்கும் அனுமதிதான். வீடு கைவசம் இருக்கும்வரை புதுப்பிக்கலாம். 2024 முதல் ஏதென்ஸ், சாந்தோரினி போன்ற இடங்களில் தொகை 8,00,000 யூரோ. கடவுச்சீட்டு அதில் சேராது. விளம்பரத்தின் சொல்லையே பார்ப்போம்: ‘குடி’ என்பதற்கு முதற்பொருள் வீடு. குடிபுகுதலிலும் குடிக்கூலியிலும் அப்பொருள் இன்றும் வாழ்கிறது. பிறகு குடும்பம், குலம், நாட்டு மக்கள் என விரிந்தது. குறளில் ‘குடிமை’ நற்குடிப் பிறப்பின் பண்பு. இன்றோ நாட்டுறுப்பினர் நிலை. ஓரிடத்தில் தங்குவதற்கு ‘வதிதல்’ என்ற பழஞ்சொல் இருக்கிறது. மாலையில் பறவை கிளையில் வதியும். இலங்கைத் தமிழர் ‘வதிவிடம்’, ‘வதிவுரிமை’ என்று இயல்பாக எழுதுகிறார்கள். வாழ்நாள் சேமிப்பைக் கொடுப்பவருக்குக் குடியுரிமைக்கும் வதிவுரிமைக்கும் உள்ள வேறுபாடு தெரிய வேண்டும். விளம்பரம் எழுதுவோர் ‘வதிவுரிமை’ என்றே எழுதட்டும்.